நடுகல்லுக்கு எனாமல் பெயிண்ட் எதற்கு?

அரூர் பக்கம் இன்னொரு வேடியப்பனுக்கும், அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு நட்டு ஊர் சாமியாகக் கும்பிடும் நடுகல்லுக்கும், பெயிண்ட் அடித்தாகிவிட்டது. உடம்புக்கு ரோஸ், இடைக்கச்சைக்கு மஞ்சள், மீசைக்குக் கறுப்பு, வாளுக்குச் சில்வர். தலைக்கு மேலே வட்டெழுத்து எனும் பழைய தமிழ் எழுத்து வரிகள் இருந்த இடத்தில் வானம் மாதிரி இருக்கட்டும் என்று நீலம், அதுவும் இரண்டு கோட்டிங். வீரனின் தொடையில் ஓர் அம்பு பாய்ந்திருந்தது. அதைச் செதுக்கியவன் அம்பின் நுனி எந்தப் பக்கம் வெளியே வந்தது என்பது வரை காட்டியிருந்தான். பெயிண்டர் காலுக்கு அடித்த ரோஸ் நிறத்தையே அதன் மேலும் அடித்துவிட்டார். இப்போது அம்பு இல்லை. அவன் எப்படிச் செத்தான் என்பதும் இல்லை.

கல்வெட்டுப் படியெடுப்பதும், பழைய கற்கோயில்களின் திருப்பணிக்கு ஆலோசனை சொல்வதும் என் தொழில். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இந்த முறை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நடுகல் என்னவென்று நம் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் பொங்கல் வைக்கிறோம், கடா வெட்டுகிறோம், பிள்ளைக்கு வேடியப்பன் என்று பெயர் வைக்கிறோம். சாமியாகக் கும்பிடுவதால்தான் இத்தனை நூற்றாண்டு இந்தக் கற்கள் பிழைத்துக் கிடந்தன. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். கும்பிடாமல் விட்ட ஊர்களில் கல் பாலத்துக்கு அடியிலும் துணி துவைக்கும் துறையிலும் கிடக்கிறது.

ஆனால் அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். செப்பேடு அரசன் பரம்பரையைச் சொல்லும். கோயில் கல்வெட்டு யார் எவ்வளவு நிலம் கொடுத்தார் என்று சொல்லும். மாடு மேய்த்தவன், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் பெயரை யார் எழுதி வைத்தது? நடுகல்தான். 'கோவிசைய' என்று அரசன் பெயரில் தொடங்கும், அவன் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு என்று வரும், பிறகு எந்த ஊர், யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்டுப் பட்டான் என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். பக்கத்து மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் பட்டபோது, அவன் நாய் கோவிவன் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதில் எழுதியிருக்கிறது. நாயின் உருவமும் கல்லில் உண்டு. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அந்தச் சில வரிகள் மேல் யாரும் பெயிண்ட் ஊற்றவில்லை என்பதுதான் காரணம்.

பெயிண்ட் அடித்த ஊரில் எல்லாம் ஒரே பதில். "கல்லுக்கு என்னங்க ஆகப்போவுது? மழையிலயும் வெயில்லயும் நின்னு கெட்டுப்போவக் கூடாதுன்னுதான் பெயிண்ட் அடிச்சோம்" என்றார் அரூர் பக்கத்து அந்த ஊர்ப் பெரியவர். பக்தியோடுதான் சொன்னார். "ஐயா, இத்தனை காலமா பெயிண்ட் இல்லாமத்தானே நின்னாரு, இப்ப மட்டும் என்ன கெட்டுடப் போறாரு?" என்று கேட்டேன். பதில் இல்லை. சங்கடமாகச் சிரித்தார்.

இந்த ஒரு எண்ணத்தைத்தான் நான் உடைத்தாக வேண்டும். வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், அடிக்காவிட்டால் துருப்பிடிக்கும். அந்தக் கணக்கைக் கல்லுக்கும் போட்டுவிட்டோம். கல் துருப்பிடிக்காது. கல்லுக்கு மேல்பூச்சு தேவையே இல்லை. நம் ஊர்க் கருங்கல் வெட்டியெடுத்த புதிதில் தண்ணீர் குடிக்காது என்பது உண்மை. ஆனால் பல நூறு வருடம் வெயில் மழை பட்ட கல்லின் மேல்தோல் அப்படியில்லை, கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு இருக்கும். அடிப்பகுதி மண்ணுக்குள் நிற்கிறது. மண்ணின் ஈரம் உப்போடு சேர்ந்து அந்த விரிசல் வழியாக மேலே ஏறும், முகப்பு வழியாகக் காய்ந்து வெளியேறும். எனாமல் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் போக வழியில்லாமல் தோலுக்கும் பெயிண்டுக்கும் நடுவே தங்கி, உப்பு பூத்து, உள்ளிருந்து தள்ளும். சில வருடத்தில் பெயிண்ட் பொருக்கு பொருக்காக உரியும். உரிந்த பொருக்கைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் கல்லின் துகள் ஒட்டியிருக்கும். அந்தத் துகள்தான் எழுத்தின் விளிம்பு. அதைப் பார்த்துவிட்டு ஊர் என்ன செய்யும்? "பெயிண்ட் போயிடுச்சு, திரும்ப அடிங்க" என்று சொல்லும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு பூச்சு. கொஞ்ச காலத்தில் வீரனுக்கு மூக்கும் இல்லை, முழியும் இல்லை, பெயிண்டர் வரைந்த முகம்தான் மிச்சம்.

ஆகவே பாதுகாப்புக்காகப் பெயிண்ட் என்பது முழுத் தவறு. அழகுக்காகத்தான் அடித்தோம் என்றாவது சொல்லுங்கள், நாம் உட்கார்ந்து பேசலாம். புதிதாக ஒரு சுதைச் சிற்பம் செய்து பக்கத்தில் வைத்து அதற்கு எத்தனை வண்ணம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். சில ஊர்களில் சொன்னதும் அப்படியே செய்திருக்கிறார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

இதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு, அதைப் படித்தவர்கள் செய்கிறார்கள். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று பிரஷ் எடுத்து எழுத்துக் குழிகளில் சிவப்போ வெள்ளையோ தீட்டிவிடுகிறார்கள். போட்டோவுக்கு நன்றாக வரும், சரி. ஆனால் அது வட்டெழுத்து. அதில் ப-வுக்கும் வ-வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்ன வளைவுதான். கல்லில் இயற்கையாக உள்ள கீறல் எது, உளி போட்ட கோடு எது என்று பழகிய கண்ணே தடுமாறும். அதனால்தான் நாங்கள் படியெடுக்கிறோம். கல்லைத் தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் மெதுவாகக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்கி, பிறகு மை ஒற்றுகிறோம். குழி வெள்ளையாக நிற்கும், மீதி கறுப்பாகும். தாளைக் காய வைத்து வீட்டில் விளக்குக்கு முன்னால் பிடித்து நாள்கணக்கில் பார்த்த பிறகும் ஓர் எழுத்தில் சந்தேகம் இருக்கும். தெரியாதவர் தீட்டிய கோடு அந்தச் சந்தேகத்தைக் கொன்றுவிடுகிறது. தப்பான வாசிப்பு கல்லிலேயே பதிந்துபோகிறது, அடுத்து வருபவர் அதைத்தான் படிப்பார். சுண்ணக்கட்டி, கோலமாவு, முகப்பவுடர் எதையும் தேய்க்காதீர்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போலப் பிடித்து எடுங்கள். எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

கோயில்களுக்கு வருகிறேன். கும்பாபிஷேகம் என்றதும் முதலில் வருவது கம்ப்ரஸர். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லை 'வெளுக்க' வைக்கும் வேலை. கல்லில் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போகிறது உண்மைதான். அதோடு மேல்தோலும் போகிறது, சிற்பியின் உளித்தடமும் போகிறது. தருமபுரி கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக இருக்கின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும். அந்த அளவுள்ள உருவத்தில் கை விரல் எத்தனை மெலிதாக இருக்கும் என்று யோசித்தால், மணல் வேகத்தில் என்ன மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டாம். அறநிலையத் துறையே மணல் பீய்ச்சத் தடை விதித்திருக்கிறது. கோயில்களையும் தொல்சின்னங்களையும் காப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று 75 வழிகாட்டுதல்களோடு தீர்ப்பே கொடுத்தது. இருந்தும் சின்னக் கோயில்களில், உபயதாரர் அவசரப்படுத்தும் இடங்களில், கம்ப்ரஸர் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

டைல்ஸ் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே ஒரு வரி போதும். குமுதவரியில், அதாவது அடித்தளத்தில் ஓடும் உருண்டைக் கல் வரிசையில், கல்வெட்டு இருக்கும் சுவரை ஒட்டித் தரையை உயர்த்தினால் அடி வரிகள் புதைந்துபோகும்.

கிருஷ்ணகிரி பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மல்லசந்திரம் மலையில் உள்ள கற்திட்டைகள், பலகைக் கற்களை நிறுத்தி மூடிய சமாதிகள், பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பியவை. அடியில் புதையல் கிடையாது. கடப்பாரை போட்டுப் பெயர்த்தவர்கள் கண்டது பானை ஓடும் எலும்பும் துருப்பிடித்த இரும்பும்தான். அந்த இரும்பு அவர்களுக்குக் குப்பை. அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. குழி தோண்டிக் கலைத்துப் போட்ட மண்ணில் அப்படி ஒரு காலக்கணிப்பை எடுக்கவே முடியாது. மல்லப்பாடிப் பாறை ஓவியத்துக்குப் பக்கத்தில் காதலி பெயர் எழுதும் தம்பிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். தயவுசெய்து வேறு பாறை பாருங்கள், ஊரில் பாறைக்கா பஞ்சம்?

இனிச் செய்ய வேண்டியது. ஏற்கெனவே பெயிண்ட் அடித்துவிட்டீர்களா, விட்டுவிடுங்கள். நீங்களே சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். நெருப்பு காட்டி உரிப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல், சூடேறினால் கருங்கல் செதில் செதிலாகத் தெறிக்கும். அதே காரணத்துக்காகக் கற்பூரத்தைக் கல்லின் மேலேயே வைத்துக் கொளுத்தாதீர்கள். முன்னால் ஒரு தட்டு வைத்து அதில் ஏற்றுங்கள். விளக்கும் அப்படித்தான், நாலடி தள்ளி. எண்ணெயைக் கல்லின் மேல் ஊற்றாமல் விளக்கில் ஊற்றுங்கள். மஞ்சள், சந்தனம் வைக்கலாம், எழுத்தின் மேல் வேண்டாம், மறுநாள் வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

அடியில் சிமெண்ட் மேடை கட்டாதீர்கள். எழுத்து பல கற்களில் கீழ்வரை இறங்கும், பாதியைச் சிமெண்ட் விழுங்கிவிடும். கல் சாய்ந்திருந்தால் சுற்றி மண்ணும் ஜல்லியும் போட்டு இறுக்கினால் போதும். கூரை போட ஆசையா, தாராளமாகப் போடுங்கள், தூணைக் கல்லோடு ஒட்டாமல் தள்ளி நடுங்கள். சாலை அகலப்படுத்தவோ லேஅவுட் போடவோ ஜேசிபி வருகிறது என்றால், வருவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, அங்கேயும் தகவல் சொல்லுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருள். பண்ணை வீட்டுத் தோட்டத்தில் அலங்காரமாக வைக்க யாராவது விலை பேசினால் விற்காதீர்கள். அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி.

பெயிண்டர் அண்ணன்மார்களே, கடைசியாக உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டால் உங்களால் மறுக்க முடியாது, கூலிதான் பிழைப்பு. புரிகிறது. ஆனால் டப்பாவைத் திறக்கும் முன் ஈரத்துணியால் கல்லின் மேற்பகுதியை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வரிவரியாகக் கோடு தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு, போனில் ஒரு படம் எடுத்து உங்கள் ஊர்ப் பள்ளித் தமிழாசிரியரிடம் காட்டுங்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சுற்றுச்சுவர், கேட், தகரக் கூரை என்று அடிக்க அங்கே வேறு எவ்வளவோ இருக்கும். அன்றைய கூலி போகாமல் அந்த வேலையைக் கொடுக்கும்படி ஊராரிடம் நாங்களே வந்து பேசுகிறோம்.