காற்றை உடுத்தியவை

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், பெரிய கால்வாயை மூடிக் கிடக்கும் பச்சைப் பாயைக் கியம்பாங் என்போம். படகு போனதும் விலகிய கியம்பாங் மறுபடி சேர்ந்துகொள்ளும் என்று மலாயில் பழமொழியே உண்டு. பாசி என்று நினைத்துவிட வேண்டாம், அது பெரணி. சால்வினியா மொலெஸ்டா என்று பெயர், சொந்த ஊர் பிரேசில். வேரே கிடையாது, நீருக்குள் தொங்குவது வேர் வேலை பார்க்கும் இலை.

அதே கால்வாய்க்கு விடியற்காலையில் நீர்நாய்கள் வரும். குட்டை நகம் கொண்ட ஆசிய நீர்நாய். உலகில் உள்ள நீர்நாய்களிலேயே சிறியது. சேற்றில் கைவிட்டுத் துழாவி நண்டும் நத்தையும் பிடிக்கும்.

இலைக்கும் நீர்நாய்க்கும் என்ன சம்பந்தம்? இலை ஒன்றை விரலால் நீருக்குள் அமுக்கிப் பாருங்கள். பச்சை மறைந்து வெள்ளித் தகடுபோல மின்னும். அது காற்று. விரலை எடுத்தால் நனையாமல் மேலே வந்துவிடும். நீர்நாய் முங்கும்போது கிளம்பும் குமிழிகளிலும் ரோமத்துக்குள் இருந்த காற்று உண்டு.

நீர்நாய்க்கு மேலே முரட்டு முடி, அடியில் அடர்ந்த மென்முடி. அடிமுடியின் நுண்செதில்கள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள, இடுக்கில் காற்று சிக்குகிறது. காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், அதனால் அந்தக் காற்றுதான் உடல் சூட்டைக் காக்கிறது. திமிங்கலத்தின் கொழுப்புப் போர்வையும் இதற்கு இல்லை. அதனால்தான் கரையேறியதும் உதறுகிறது, புல்லில் புரளுகிறது, ஓயாமல் கோதுகிறது. பராமரிப்பு விட்டால் குளிர்தான்.

பெரணிக்கு அந்தத் தொல்லை இல்லை. இலை மேல் மெழுகு பூசிய நுண்ணிய தூவிகள். நான்கு நான்காக நுனியில் சேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பிபோல இருக்கும். மெழுகில் நீர் ஒட்டாது, சரி. ஆனால் நுனியில் மட்டும் மெழுகு இல்லை, அங்கே நீர் ஒட்டும்! நனையாமல் இருக்க வேண்டிய இலைக்கு இது எதற்கு? ஜெர்மனியின் பார்ட்லாட் குழு 2010இல் விளக்கியது: கூடாரத் துணியைக் கம்பு முனைகளில் கட்டுவதுபோல, நுனிகள் நீரின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. மெழுகு நீரை உள்ளே விடாது. நுனி காற்றைக் குமிழியாகப் பிய்ந்துபோக விடாது. வாரக்கணக்கில் மூழ்கியிருந்தாலும் காற்று நிற்கும். கப்பலின் அடிப்பாகத்தில் இப்படியொரு காற்றுப்படலம் நின்றால் உராய்வு குறையுமே என்று இப்போது முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், பேசினில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்து இன்னொரு இலையை அமுக்கினேன். வெள்ளி மின்னவில்லை. பச்சையாகவே நனைந்து கிடந்தது.