படுக்கைகளை எண்ணும் முன் பாரத்தை எண்ணுங்கள்: பள்ளி விடுமுறையில் ஒரு கேம்பர்வான் பயணம்

பள்ளி விடுமுறைக்கு, படுக்கையும் அடுப்பும் உள்ள வாகனமான கேம்பர்வான் ஒன்றை வாடகைக்கு எடுக்க வரும் குடும்பங்கள் எங்களிடம் கேட்கும் முதற் கேள்வி, அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதுதான். ஜேர்மனியின் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில், வாடகை வாகனங்களைச் சரிபார்த்துச் சாவியைக் கையளிப்பதும், பயணம் முடிந்து திரும்பும் வாகனங்களை மீளப் பெறுவதும் என் பணி. இங்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கும் உறவினர் வீடுகளை இணைத்து இத்தாலி வரைக்கும், சில வேளைகளில் குரோவேசியக் கடற்கரை வரைக்கும், மிகுந்த ஆசையோடு ஒரு பாதையை வகுத்துக்கொண்டே வருகின்றன. ஆனால் வாகனத்தின் பதிவுப் பத்திரத்தில் உள்ள சில எண்களை அவர்களில் எவரும் பார்த்திருப்பதில்லை. யார் யார் ஏறலாம், எதையெல்லாம் ஏற்றலாம், எந்தச் சாலையில் எவ்வளவு கட்டணம் என்பவற்றை அந்த எண்களே தீர்மானிக்கின்றன. ஆகையால் பாதையை வகுப்பதற்கு முன், முற்பணம் கட்டுவதற்கும் முன், அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது எஸ்.1 என்ற கட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டில் பதிவான வாகனமாக இருந்தாலும், சாரதி உட்பட எத்தனை பேருக்கு இருக்கை உண்டு என்பது அக்குறியீட்டின் கீழேயே எழுதப்பட்டிருக்கும். ஆறு பேர் படுக்கக்கூடிய வாகனத்திலும் ஆசனப்பட்டி உள்ள இருக்கைகள் நான்கு மட்டுமே இருக்கலாம். கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் ஒரு குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஐந்து பேராக வாகனத்தை எடுக்க வந்தது. அதிலோ நான்கு ஆசனப்பட்டிகள். அம்மம்மா பின்புறப் படுக்கையில் படுத்தபடி வரட்டும் என்று தகப்பனார் கேட்டார். ஓடும் வாகனத்தில் பட்டி அணியாமல் படுத்திருப்பவர், ஒருமுறை பலமாகப் பிரேக் பிடித்தாலே முன்னால் இருக்கும் பிள்ளைகள் மேல் வீசப்படுவார் என்பதை விளக்கி, நான் மறுக்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில் மாற்று வாகனம் எதுவும் கைவசம் இல்லாததால், அம்மம்மாவும் மூத்த மகளும் முதல் தரிப்பிடத்துக்குத் தொடருந்தில் போனார்கள். விடுமுறை உச்சத்தில் எல்லா வாகனங்களும் மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும் என்பதால், வாசலில் வந்து நிற்கும்போது தெரியவரும் குறைக்கு நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

சிறு பிள்ளைகளின் இருக்கையிலும் இதே கவனம் வேண்டும். ஜேர்மனியில் 12 வயது நிறையும் வரை, அல்லது 150 சென்ரிமீற்றர் உயரத்தை எட்டும் வரை, பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். காரில் நன்றாகப் பொருந்தும் அதே இருக்கை கேம்பர்வானிலும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. சில பிள்ளை இருக்கைகளுக்கு முன்புறம் தரையில் ஊன்றும் தாங்குகால் ஒன்று உண்டு. கேம்பர்வானின் உணவு மேசைக்கு அருகிலுள்ள தரையிலோ பல வேளைகளில் பொருள் வைக்கும் அறை இருக்கும். அதன் மூடியின் மேல் தாங்குகாலை ஊன்றினால், விபத்தின் விசையை அந்த மெல்லிய பலகை தாங்காது. ஆகவே உங்கள் பிள்ளையின் இருக்கையை எடுத்துக்கொண்டு நேரில் வந்து, அதே வாகனத்தில் பொருத்திப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்திருக்கும் இருக்கைகளில் பிள்ளை இருக்கையைப் பொருத்தவே கூடாது.

அடுத்தது பாரம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனெனில் தவறு கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. வாடகைக்குக் கிடைக்கும் வாகனங்களில் பெரும்பாலானவை, சாதாரண பி வகுப்பு அனுமதிப்பத்திரத்துடன் ஓட்டக்கூடியதாக, 3,500 கிலோ மொத்த எடைக்குப் பதிவு செய்யப்பட்டவை. ஜேர்மனியில் 1999க்கு முன் 3ஆம் வகுப்பு அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் 7.5 தொன் வரை ஓட்டலாம் என்றாலும், அதற்காக 3,500 கிலோவுக்குப் பதிவான வாகனத்தில் கூடுதலாக ஏற்றிவிட முடியாது. பத்திரத்தில் எஃப்.2 என்பது அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. ஜி என்பது ஓடத் தயாரான நிலையில் வாகனத்தின் எடை. இந்த இரண்டாம் எண்ணில் 75 கிலோ எடையுள்ள ஒரு சாரதியும், 90 சதவீதம் நிரம்பிய எரிபொருள் தாங்கியும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். குடிநீர்த் தாங்கியில் பயணத்தின்போது 20 லீற்றர் மட்டுமே இருக்கும் என்று உற்பத்தியாளர் வகுத்துக்கொள்வதும் உண்டு. இவை போதாவென்று, அறிவிக்கப்பட்ட எடைக்கும் உண்மை எடைக்கும் இடையே 5 சதவீத வேறுபாட்டை விதி ஏற்றுக்கொள்கிறது. 3,000 கிலோ வாகனத்தில் அது 150 கிலோ.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஜி 3,050 என்றால் மிச்சம் 450 கிலோ. தாயும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து 175 கிலோ எனக் கொண்டால் 275 எஞ்சுகிறது. வெயில் மறைப்பு, சைக்கிள் தாங்கி, இரண்டாவது எரிவாயு சிலிண்டர், மடக்கு மேசை, நாற்காலிகள் ஆகியவற்றுக்கு 90 கிலோவைக் கழித்தால் 185. நான்கு சாதாரண சைக்கிள்கள் 60 கிலோ. 100 லீற்றர் குடிநீர்த் தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் இன்னும் 80 கிலோ. இப்போது எஞ்சுவது 45 கிலோதான். உடுப்பும் போர்வையும் செருப்பும் சமையற் பாத்திரங்களும் இன்னும் ஏறவில்லை. இந்த இடத்தில்தான் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் இரண்டும், தேங்காய்ப்பால் டின்களும், மிக்சியும், தண்ணீர்ப் போத்தல் கட்டுகளும் வந்து சேர்கின்றன. பாதையில் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்ற விருப்பம் நியாயமானது. ஆனால் பாரிசில் லா சப்பெல் பகுதியிலேயே நம் கடைகள் வரிசையாக இருக்கும்போது, மூன்று வார அரிசியையும் இங்கிருந்து சுமக்கத் தேவையில்லை. (கேம்பர்வானை நகரத்துக்கு வெளியே முகாமில் விட்டுவிட்டு மெட்ரோவில் போய் வாங்குங்கள், அந்தத் தெருக்களில் வாகனம் நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை.)

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின்னச்சு, அதாவது பின்சக்கரங்களின் அச்சு, தாங்கக்கூடிய வரம்பு மீறப்படலாம். 3,500 கிலோ வாகனங்களில் பின்னச்சுக்கு 2,000 கிலோ என்ற வரம்பை அடிக்கடி காணலாம். பின்கதவில் தொங்கும் சைக்கிள்களும் பின்புற அறையில் அடுக்கும் பெட்டிகளும் அச்சுக்கு அப்பால் இருப்பதால், நெம்புகோல் விளைவினால் தம் எடையைவிட அதிகமான சுமையைப் பின்னச்சில் ஏற்றி, முன்சக்கரங்களைத் தூக்கிவிடுகின்றன. முன்சக்கரங்களால் இயங்கும் வாகனம் ஈரமான மலைச்சாலையில் அப்போது பிடிமானத்தை இழக்கும். மிகை சுமையோடு காற்றழுத்தமும் குறைந்திருந்தால், ஆடி மாத வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் சூடேறி வெடிப்பதும் இதனாலேயே. பாரமானவற்றை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே தாழ்வாக வையுங்கள். கழிவுநீரை நாள்தோறும் வெளியேற்றுங்கள். எல்லாம் ஏற்றி, எல்லோரும் ஏறிய பிறகு, உங்கள் ஊரிலுள்ள பழைய உலோகக் கொள்முதல் நிலையத்திலோ கட்டுமானப் பொருள் நிலையத்திலோ உள்ள எடைமேடையில், மொத்தமாகவும் பின்சக்கரங்களை மட்டும் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்திலும் ஒஸ்திரியாவிலும் மிகை பாரத்தோடு பிடிபட்டால், தண்டப்பணத்தோடு, பொருட்களை அங்கேயே இறக்கிய பின்னரே பயணத்தைத் தொடரலாம் என்ற நிலை வரக்கூடும். பிள்ளைகளோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று எதை விட்டுச் செல்வது என்று தீர்மானிக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம்.

நீளமும் உயரமும் அதே பத்திரத்தில் உண்டு. டென்மார்க்கின் ஸ்டோரபெல்ட் பாலத்திலும், அங்கிருந்து சுவீடனுக்குச் செல்லும் ஓரசுண்ட் பாலத்திலும் 6 மீற்றரைத் தாண்டிய வாகனத்துக்குக் கட்டணம் உயர்ந்துவிடும். பிரான்சின் கட்டண நெடுஞ்சாலைகளில் 2 மீற்றருக்கும் 3 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரமும், 3,500 கிலோவுக்கு மேற்படாத எடையும் கொண்ட வாகனம் இரண்டாம் வகுப்பு. 3 மீற்றரை எட்டினாலே மூன்றாம் வகுப்பு. பணத்தைவிட ஆபத்தானவை கடற்கரை வாகனத் தரிப்பிடங்களில் 2 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்டிருக்கும் இரும்புக் குறுக்குத் தடிகள். கார் ஓட்டிப் பழகியவருக்குத் தலைக்கு மேல் இருக்கும் கூரையின் நினைவு வருவதில்லை. கூரையில் ஏற்படும் சேதத்தைக் காப்புறுதி ஏற்காத ஒப்பந்தங்களும் உள்ளன. நான் கையளிக்கும் ஒவ்வொரு வாகனத்திலும் அதன் உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாரதியின் கண்முன் ஒட்டிவிடுகிறேன். நீங்களும் கட்டாயம் அவ்வாறு செய்யுங்கள். வழிகாட்டிச் செயலியிலும் அந்த அளவைப் பதிவு செய்யுங்கள்.

இவற்றுக்குப் பிறகே நாட்காட்டியும் பாதையும். ஜேர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் கோடை விடுமுறை மாறி மாறித் தொடங்குகிறது. பவேரியாவும் பாடன் வூர்ட்டெம்பெர்க்கும் மட்டும் எப்போதும் கடைசியில், செப்டெம்பர் நடுப்பகுதி வரை செல்பவை. நெதர்லாந்தும் மூன்று பிராந்தியங்களாகப் பிரித்தே விடுகிறது. பிரான்சில் யூலை விடுமுறையாளர்கள் திரும்பும் வேளையில் ஓகஸ்ட் விடுமுறையாளர்கள் புறப்படுவதால், ஓகஸ்ட் தொடக்கத்துச் சனிக்கிழமை வருடத்திலேயே மிக நெரிசலான நாட்களில் ஒன்று; அந்நாட்டின் சாலை நெரிசல் தகவல் சேவையான பிசோன் ஃபூத்தே இத்தகைய நாட்களுக்குக் கறுப்பு நிறம் தந்து முன்கூட்டியே எச்சரிக்கிறது. சுவிஸில் 16.9 கிலோமீற்றர் நீளமான கோத்தார்ட் சுரங்கத்தின் முன் விடுமுறை வார இறுதிகளில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒஸ்திரியாவின் பிரென்னர் பாதையில் நெரிசலைக் கண்டு ஊர்ச்சாலைக்குள் இறங்கலாம் என்று நினைத்தால், திரோல் மாநிலம் கோடை வார இறுதிகளில் அத்தகைய மாற்றுவழிகள் பலவற்றைக் கடந்து செல்வோருக்கு மூடிவைக்கிறது. செயலி காட்டினாலும் செல்ல முடியாது. எனவே வாகனத்தைச் சனிக்கிழமை எடுக்காமல், முடிந்தால் திங்களோ செவ்வாயோ எடுங்கள்.

தெற்கு நோக்கியே போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஓகஸ்ட் நடுப்பகுதியை ஒட்டிப் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. ஆகவே நம் மாநிலத்தில் விடுமுறை தாமதமாகத் தொடங்கும் ஆண்டுகளில், பிள்ளைகளுக்கு விடுமுறை எஞ்சியிருக்கும் ஓகஸ்ட் கடைசி வாரங்களில் அங்குள்ள முகாம்களில் இடம் இருக்கும், ஏரிகளில் தண்ணீர் இன்னும் குளிக்கும் அளவுக்கு இதமாக இருக்கும், ஓட்டுநருக்கும் வெப்பமில்லை. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் திசையைத்தான். பின்னறை வரை குளிரூட்டி எட்டாத வாகனத்தில், 35 பாகை வெயிலில், இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போகும் வரிசையில் நிற்பதைப் பிள்ளைகள் விரும்புவதில்லை. ஒரு நாளைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டாமல், இரண்டு நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று வகுத்தால், பெரியவர்களுக்கும் அது விடுமுறையாக இருக்கும்.

இரவு எங்கே தங்குவது என்பதை நாட்டுக்கு நாடு பார்க்க வேண்டும். ஜேர்மனியில் களைப்புத் தீர ஓர் இரவு வாகனத்துக்குள் தூங்கலாம். நாற்காலி போட்டுச் சமைக்கத் தொடங்கினால் அது முகாமிடுதல் ஆகிவிடும். குரோவேசியாவில் முகாமுக்கு வெளியே தங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது, தண்டமும் உண்டு. அந்நாடு 2023 முதல், எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய செங்கன் வலயத்தில் இருப்பதாலும், 2022இல் திறந்த பெல்யெசாட்ஸ் பாலத்தினால் பொஸ்னியாவுக்குள் நுழையாமலே அந்நாட்டின் தெற்கிலுள்ள டுப்ரோவ்னிக் நகருக்குச் செல்ல முடிவதாலும், இலங்கைக் கடவுச்சீட்டும் ஜேர்மன் வதிவிட அனுமதியும் வைத்திருப்பவர்களுக்கு இப்போது அந்தப் பாதை எளிது. வாடகை ஒப்பந்தம் எந்த நாடுகளை அனுமதிக்கிறது என்பதையும் உடன் பாருங்கள்.

வாகனத்துக்குள் சமைக்கும்போது கூரைச் சன்னலைத் திறந்துவைக்க வேண்டும். தரையிலும் சுவரிலும் உள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்காகத் துணியால் அடைக்காதீர்கள். குளிர்கிறது என்பதற்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும், அணைந்ததாகத் தோன்றும் கரியடுப்பை உள்ளே எடுத்து வைப்பதும் உயிரைப் பறிக்கும் செயல்கள். கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லாததால், உறக்கத்தில் இருப்பவர் அறியவே மாட்டார். அந்த வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிப் படுக்கை அருகே பொருத்துங்கள். எண்ணெயில் பொரிப்பதை முகாமின் பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் ஓடித் திரியும் பிள்ளைக்கும் இடையே அந்த ஒடுங்கிய வழியில் இடைவெளி கிடையாது.

வாகனத்தை எடுக்கும் நாளில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டு, ஓட்டப்போகும் இருவரும் வாருங்கள். நீர் நிரப்புவதையும், கழிவறைத் தாங்கியைக் கழற்றுவதையும், எரிவாயுவை மூடுவதையும் நான் செய்து காட்டிய பிறகு என் கண்முன் ஒருமுறை நீங்களே செய்யுங்கள். அன்றிரவே எல்லை கடக்க முயல வேண்டாம். எங்கள் நிலையத்திலிருந்து முப்பது நாற்பது கிலோமீற்றருக்குள் உள்ள ஒரு முகாமில் முதல் இரவைக் கழித்தால், ஒழுகும் குழாயோ பூட்டாத சன்னலோ வேலை செய்யாத குளிர்சாதனப் பெட்டியோ அன்றே தெரியவரும். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்தால் நாங்கள் சரிசெய்து தருவோம்.