மாவைத் தூங்க விடணும்: ஹங்கேரி பாட்டியோட ரேடெஷ் எப்படி அவ்ளோ மெலிசா வருது?

ஹங்கேரில செகெட்ங்கற ஊர்ல படிச்சப்போ நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஓனர் பாட்டிக்கு அப்பவே எண்பது தாண்டியாச்சு. ஹங்கேரியன்ல பாட்டிய நொட்யமாமான்னு கூப்பிடுவாங்க, நொட்ய்னா பெரிய, மாமான்னா அம்மா, வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா பெரியம்மா. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா சாப்பாட்டு மேஜை மேல இருக்கறதெல்லாம் எடுத்துட்டு, துவைச்சு துவைச்சு மெத்துனு ஆன ஒரு வெள்ளைத் துணிய விரிப்பாங்க, அதப் பார்த்தாலே இன்னைக்கு ரேடெஷ்னு புரிஞ்சிடும். மெலிசா விரிச்ச மாவுல பழம் மாதிரி எதையாவது வெச்சு சுருட்டி சுடற, ஸ்ட்ரூடல்னு உலகத்துக்குத் தெரிஞ்ச பலகாரம்தான், ஹங்கேரில பேரு ரேடெஷ், ரேட்னா பழைய ஹங்கேரியன்ல மடிப்பு, அடுக்கு, அதுல இருந்து வந்த பேரு.

ஒரு கையில அடங்கற மாவு உருண்டைய அந்த மேஜை முழுக்க இழுத்து விரிப்பாங்க, கீழ விரிச்ச துணியோட பூவேலை மாவுக்குள்ளாற தெரியும். 250 கிராம் மாவு, தண்ணி, கொழுப்பு எல்லாம் சேர்த்தா உருண்டை ஏறக்குறைய 400 கிராம் வரும், அத ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் விரிச்சா கணக்குப்படி 0.3 மில்லிமீட்டர் தடிமன்தான், அதுலயும் ஓரமெல்லாம் தடியா நிக்கும், அப்போ நடுவுல இன்னும் கம்மி. உருட்டுக்கட்டை ஆரம்பத்துல ஒரு நிமிஷம், அப்புறம் வெறும் கைதான். கிழியாம எப்படி வருதுன்னு நான் வாய் பிளந்து பார்த்திருக்கேன்.

காரணம் க்ளூட்டன். கோதுமை மாவுல க்ளூட்டெனின், க்ளையடின்னு ரெண்டு வகை புரதம் இருக்கு, காய்ஞ்ச மாவுல ரெண்டும் சும்மா கிடக்கும், தண்ணி பட்டு பிசைய ஆரம்பிச்சா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வலை மாதிரி ஆயிடும். க்ளூட்டெனின் நீள நீளமான சங்கிலி, கந்தக இணைப்புகளால ஒண்ண ஒண்ணு புடிச்சிருக்கும், இழுத்தா திரும்பி வரும், ரப்பர் குணம் இதோடது. க்ளையடின் உருண்டையா சின்னதா இருக்கும், அந்த சங்கிலிங்களுக்கு நடுவுல வழுக்கி விடும், மாவு நீண்டு கொடுக்கறது இதனால. ரெண்டும் சரியான அளவுல இருக்கணும். மாவ தண்ணியில அலசி அலசி ஸ்டார்ச்ச போக விட்டா பிசுபிசுன்னு ஒண்ணு மிஞ்சும், அதுதான் இந்த வலை, 1745ல இத்தாலிக்காரர் யாக்கோபோ பெக்காரி அத பத்தி எழுதி வெச்சிருக்காரு.

பாட்டி மாவ பிசையறது மட்டும் இல்ல, மேல தூக்கி மேஜை மேல ஓங்கி ஓங்கி அடிப்பாங்க. பக்கத்து வீட்டுக்கே கேக்கும். அந்த அடியில சங்கிலிங்க நீண்டு வரிசையாகி வலை கெட்டிப்படுது. தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும், அப்பதான் புரதம் சீக்கிரம் நனையும். ஒரு ஸ்பூன் வினிகரும் விடுவாங்க, நான் அத ருசிக்குன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். ஆசிட் சேர்ந்தா புரதங்களுக்கு ஒரே பாசிட்டிவ் சார்ஜ் ஏறி ஒண்ண ஒண்ணு தள்ளும், வலை கொஞ்சம் தளரும், இழுத்தா முரண்டு பிடிக்காம வரும்.

அதுக்கப்புறம்தான் முக்கியமான வேலை, அது என்னன்னா ஒண்ணுமே செய்யாம இருக்கறது. உருண்டை மேல கொழுப்ப தடவி, சூடு பண்ணின ஒரு கிண்ணத்த அது மேல கவுத்துட்டு 'ஹட் பிஹென்யென்'ன்னு சொல்வாங்க, ஓய்வெடுக்கட்டும்னு அர்த்தம். ஒரு தடவை அவங்க ஊருக்குப் போயிருந்தப்போ நான் அவசரத்துல பத்து நிமிஷத்துல எடுத்து இழுத்தேன், இழுத்த இடம் அப்படியே சுருங்கி பழைய இடத்துக்கே வந்துச்சு, இன்னும் பலமா இழுத்தேன், நடுவுல பெரிய ஓட்டை. அன்னைக்கு ராத்திரி உக்காந்து இதப் பத்தி படிக்க ஆரம்பிச்சவன்தான். பிசைஞ்சு முடிச்ச மாவுல சங்கிலிங்க எல்லாம் முறுக்கி விட்ட ஸ்பிரிங் மாதிரி இழுவையில இருக்கும். விட்டு வெச்சா நடுவுல இருக்கற பலவீனமான இணைப்புங்க கொஞ்சம் கொஞ்சமா அவுந்து இழுவை இல்லாத வேற இடத்துல போய் ஒட்டிக்கும், வலை அப்படியே இருக்கும் ஆனா விறைப்பு போயிடும். உள்ள நனையாம இருந்த மாவுத் துகளும் அந்த நேரத்துல தண்ணிய குடிச்சிடும். அரை மணி நேரமாவது வேணும். நம்ம பரோட்டா மாஸ்டர் உருண்டைங்கள எண்ணெய்ல ஊற விடறதுக்கும் இதே காரணம்தான். மேல தடவற கொழுப்பு மாவு காயாம பாத்துக்கும், காய்ஞ்சு தோல் கட்டின இடத்துலதான் முதல்ல கிழியும், அதனாலதான் பாட்டி விரிக்கறதுக்கு முன்னாடி ஜன்னல சாத்திடுவாங்க.

விரிக்கறது எப்பவும் கை பின்பக்கத்தாலதான், ரெண்டு பேர் எதிர் எதிரா நின்னு. மோதிரத்த கழட்டச் சொல்வாங்க. விரல் நுனியால புடிச்சா பலம் எல்லாம் ஒரு புள்ளியில விழுந்து கிழிச்சிடும், புறங்கை அகலமா தாங்கும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு: நல்ல க்ளூட்டன் இழுக்க இழுக்க இறுகும். மெலிசான இடம் இறுகி நின்னுடும், அப்போ அடுத்த இழுப்பு தடியா இருக்கற பக்கத்துக்குப் போயிடும், தானாவே சமமாகிட்டு வரும். பாட்டி கை பாதி வேலை, மாவு பாதி வேலை.

இந்த மாவுக்கு ஹங்கேரியோட நிலமும் ஒரு காரணம். டிசா ஆறு ஓடற பெரிய சமவெளியில கோடை நல்ல சூடு, மழை கம்மி, கதிர் முத்தற நேரத்துல இப்படி இருந்தா மணியில ஸ்டார்ச் சேர்றது குறையும், புரதத்தோட பங்கு கூடும். ஆனா இப்படி கெட்டியான கோதுமைய பழைய கல் மில்லுல அரைச்சா தவிடு நொறுங்கி மாவோட கலந்துடும், தவிடுத் துண்டு இருந்தா வலை அங்கங்க அறுந்துடும். 1874ல புடாபெஸ்ட் கான்ஸ் கம்பெனில ஆந்த்ராஷ் மெக்வார்ட் இரும்பு உருளை மில்ல கொண்டு வந்தாரு, வெள்ளையான சுத்தமான மாவு கிடைக்க ஆரம்பிச்சது, 19ஆம் நூற்றாண்டு கடைசியில மாவு அரைக்கறதுல அமெரிக்காவோட மினியாபொலிஸுக்கு அடுத்த இடத்துல புடாபெஸ்ட் இருந்துச்சு. யெனோ ஹான்கோட்சின்னு ஒரு ஹங்கேரிக்காரர் மாவு எவ்ளோ தாங்குதுன்னு அளக்கவே கருவி செஞ்சாரு, அந்த வழியில வந்த ஃபாரினோகிராஃப் இன்னைக்கும் மாவு லேப்கள்ல ஓடுது. மெலிசா இழுக்கற பழக்கம் மட்டும் துருக்கியர் ஆட்சில, புடா அவங்க கையில இருந்த 1541லேந்து 1686 வரைக்குமான காலத்துல வந்ததுன்னு பெரும்பாலும் சொல்வாங்க, மெலிசான மாவுத் தாள்ங்கள அடுக்கி செய்யற துருக்கிப் பலகாரம் பக்லாவாவ பார்த்தா அது நம்பற மாதிரிதான் இருக்கு. ஹங்கேரி கடைகள்ல ரேடெஷ்லிஸ்ட்னு தனி மாவே உண்டு, கொஞ்சம் நறநறன்னு இருக்கும், தண்ணிய மெதுவா குடிக்கும்.

விரிச்சதும் உருக்கின கொழுப்ப தெளிப்பாங்க, பன்றிக் கொழுப்பு இல்லன்னா வெண்ணெய். அது அடுக்குங்கள ஒட்ட விடாது. அப்புறம் ரொட்டித் தூள், அது மேலதான் உள்ள வைக்கறது: புளிப்புச் செர்ரி, இல்ல டூரோன்னு ஒரு பாலாடைக்கட்டி, இல்ல மிளகு போட்டு வதக்கின முட்டைக்கோஸ். செர்ரி விடற சாற ரொட்டித் தூள் குடிச்சிடும், இல்லன்னா கீழ் அடுக்கு கூழாயிடும். ஆப்பிள்னா சக்கரைய கடைசி நிமிஷத்துலதான் போடணும், முன்னாடியே போட்டா சவ்வூடுபரவல்ல தண்ணி எல்லாம் வெளிய வந்துடும். கசகசாவும் வைப்பாங்க, வேணுங்கறப்பதான் அரைப்பாங்க, ஏன்னா அதுல இருக்கற எண்ணெய் அரைச்சு காத்து பட்டா சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிடும்.

துணிய ஒரு பக்கமா தூக்கினா போதும், மாவு தானா பாய் மாதிரி சுருண்டுக்கும். ஓவன்ல மாவுல இருக்கற தண்ணி ஆவியாகும், ஆவியானா ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேக்கும், கொழுப்பு பூசின அடுக்குங்க நடுவுல அது புகுந்து பிரிச்சு விட்டு வெளிய போகும், அவ்ளோ மெலிசுங்கறதால ஒவ்வொரு தாளும் முழுசா காய்ஞ்சு மொறுமொறுன்னு ஆயிடும்.

மொறுமொறுப்பு சில மணி நேரம்தான், உள்ள இருக்கற ஈரம் மெதுவா அடுக்குக்கு ஏறும். மறுநாள் மிச்சம் இருந்தா மைக்ரோவேவ்ல வெச்சுடாதீங்க, அது ஈரத்த இன்னும் வேகமா தாளுக்குள்ள தள்ளும். பாட்டி ஓவன்ல திரும்ப சுட வெச்சு, ஓட்டை போட்ட ஒரு பழைய தகரத் தட்டு மேல எடுத்து வைப்பாங்க, அடியில ஆவி தங்காது.