குடல் அழற்சியா, குடல் வீக்கமா?

'குடல் வீக்க நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து' என்று மறுபடியும் ஒரு செய்தி. இந்த வீக்கத்தை எப்போதுதான் கைவிடுவார்களோ! உணவுப்பாதையில் எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய கிரோன் நோய், பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய இரண்டுக்கும் மருத்துவர்கள் சொல்லும் பொதுப்பெயர் ஐபிடி, அதாவது இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ். தமிழில் குடல் அழற்சி நோய்.

இன்ஃப்ளமேஷன் என்ற சொல் லத்தீனில் தீ மூட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. தமிழில் அழல் என்றாலும் நெருப்புதான். சுழல் சுழற்சி ஆவதுபோல் அழல் அழற்சி ஆயிற்று.

'அழற்சி புத்தகச் சொல், வீக்கம்தான் எல்லாருக்கும் புரியும்' என்கிறார்கள். சரி, என்ன புரிகிறது? வயிறு உப்பியிருக்கிறது என்று புரிகிறது. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் எழுதிவைத்தார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. அந்த நாலில் ஒன்றை மட்டும் எடுத்து நோய்க்கே பெயராக வைப்பது அநியாயம். இதயம் பலவீனமானவருக்கும் கால் வீங்குகிறது. அது நீர் கோத்துக்கொள்வது, அழற்சி அல்ல. இதயத்தைப் பற்றிய செய்தியிலேயே இந்தக் குழப்பத்தை விதைக்கலாமா?

இன்னொன்று, வீக்கம் என்று எழுதினால் குடலுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகருக்குப் பிடிபடாது. அழற்சி குடலோடு நிற்பதில்லை. அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன, ரத்தமும் எளிதில் உறைகிறது. இந்த நோயாளிகளுக்குக் கால் சிரைகளிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு. மாரடைப்பு, ஸ்ட்ரோக் வாய்ப்பு அந்த அளவுக்கு இல்லை, ஓரளவு கூடுதல். நோய் கிளர்ந்தெழும் காலத்தில் அதிகம். அந்த நேரத்தில் கெட்ட கொழுப்பின் அளவு குறைந்துகூடக் காணப்படலாம் என்பதால், கொழுப்புப் பரிசோதனையை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. 'தீ' என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருந்தால் இதெல்லாம் விளங்க எவ்வளவு எளிது!

'அழற்சி குடல் நோய்' என்று ஆங்கில வரிசை மாறாமல் அடுக்குபவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'எரிச்சல் குடல் நோய்' என்று எழுதுபவர்களை முடியாது. அது ஐபிஎஸ், அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், வேறு நோய். அதில் குடலில் புண்ணே கிடையாது. ஐபிஎஸ் உள்ளவர் வீணாகப் பயப்படுவார், ஐபிடி உள்ளவர் ஏதோ வயிற்றெரிச்சல் என்று அலட்சியமாக விடுவார்.

அப்புறம் அந்தப் பக்கவாதம். ஸ்ட்ரோக் வந்தால் ஒரு பக்கம் விழுந்தே தீர வேண்டும் என்றில்லை. திடீரெனப் பேச்சு குழறலாம், ஒரு கண்ணில் பார்வை போகலாம். மூளைத்தாக்கு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கை கால் இழுத்தால்தான் பக்கவாதம் என்று நம்புகிறவர் அந்த நேரத்தை வீட்டிலேயே கழித்துவிடுவார்.