கோணத்தை எங்கிருந்து அளப்பது?

"காந்தப்பாயத்துக்குக் கொசைன் போடுகிறோம். அதே சுருள் சுழன்றால் மின்னியக்கு விசைக்கு சைன் வருகிறதே, ஏன்?" மின்காந்தத் தூண்டல் பாடத்தில் மாணவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. மின்னியக்கு விசை என்பது பாயம் மாறும்போது சுருளில் தூண்டப்படும் வோல்ட் அளவு.

பாயம் என்பது சுருளின் பரப்பை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு: புலம், பரப்பு, கோணத்தின் கொசைன் மூன்றின் பெருக்கல். அந்தக் கோணம் புலத்துக்கும் பரப்பின் செங்குத்துக்கும் இடைப்பட்டது. ஓர் அட்டையின் மேல் பென்சிலை நட்டமாக நிறுத்துங்கள், பென்சில்தான் செங்குத்து. புலம் பென்சில் போகும் திசையிலேயே போனால் 0°, பாயம் பெருமம். அட்டையை உரசிக்கொண்டு போனால் 90°, பாயம் சுழி.

வினாத்தாளில் "சுருளின் தளம் புலத்தோடு 30°" என்றிருக்கும். செங்குத்தோடு அது 60°. 100 சுற்று, 0.02 சதுர மீட்டர் பரப்பு, 0.5 டெஸ்லா புலம் என்றால் ஒரு சுற்றின் பாயம் 0.005 வெபர். புலம் 0.1 வினாடியில் சீராகச் சுழியானால், பாய மாற்றத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி நேரத்தால் வகுக்க, 5 வோல்ட் கிடைக்கும். 30°-ஐ அப்படியே போட்டவருக்கு 8.66 வோல்ட் வரும். தளத்துக்கு சைன், செங்குத்துக்குக் கொசைன் என்று இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்யவைப்பது தவறு என்பேன். படம் வரைந்து செங்குத்தைக் குறித்தால் ஒன்றே போதும்.

செங்குத்தை எந்தப் பக்கம் வரைவது? எந்தப் பக்கமும் சரி, ஆனால் கணக்கு முடியும்வரை அது சுருளோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். 0°-இல் இருக்கும் சுருளைத் தலைகீழாகப் புரட்டினால் பாயம் +0.01-இலிருந்து −0.01 ஆகிறது. மாற்றம் 0.02 வெபர். புரட்டிய பின் புதிதாகச் செங்குத்து வரைபவருக்கு மாற்றமே இல்லை என்று வரும்.

இனி அந்த சைன். பாயம் எவ்வளவு என்பது மின்னியக்கு விசைக்குப் பொருட்டே அல்ல. எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே கணக்கு. அதே சுருளை 0°-இலிருந்து 1°-க்குத் திருப்புங்கள்: பாயம் குறைவது 1.5 மைக்ரோவெபர். 89°-இலிருந்து 90°-க்குத் திருப்புங்கள்: 174.5 மைக்ரோவெபர்! திருப்பியது அதே ஒரு டிகிரிதான், மாற்றமோ நூறு மடங்குக்கும் மேல். பாயம் நிறைந்திருக்கும் இடத்தில் விசை சுழி, பாயம் சுழியாகும் இடத்தில் விசை பெருமம். கொசைனை வகையிட்டால் கழித்தல் சைன். தூண்டப்படும் விசை பாய மாற்றத்தை எதிர்க்கும் என்பது லென்ஸ் விதி; அதன் கழித்தல் குறி இதை நேராக்கிவிடுகிறது. வினாடிக்கு 50 முறை சுழன்றால் பெரும மதிப்பு 314 வோல்ட்.

சில கணக்குகளில் விடை கொசைனில் இருக்கும். அங்கே நேரம் சுழியாகும்போது சுருளின் தளம் புலத்துக்கு இணையாக இருந்திருக்கும், அதாவது செங்குத்து 90°-இல் தொடங்கியிருக்கும்.