"நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடாதீர்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பார்க்கிற பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மாத்திரை வாங்க மாதம் ஒரு தடவை வருகிறவரிடம் நான் உட்கார்ந்து பேசுவது சில நிமிடங்கள்தான், அதற்குள் பின்னால் நிற்பவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார். மீதி நாளெல்லாம் சர்க்கரை அவர் வீட்டில்தான் ஏறி இறங்குகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு தன்னார்வலர் அக்காமார் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், பெரிய உதவி. ஆனால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் ஒன்று ஆகிவிட்டால் அதைப் பிடிக்க, நடுவில் நான் விசாரிக்கப் போடுகிற போன்தான் கைகொடுக்கிறது.

அந்த போனில் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "ஆமா சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். திட்டுவார்களோ என்ற பயம். அதனால் நான் அப்படிக் கேட்பதே இல்லை. "அட்டையை எடுத்துட்டு வாங்கம்மா, இன்னும் எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க" என்பேன். ராத்திரி போடுகிற மாத்திரை மட்டும் அப்படியே மிச்சம் இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். பல பேருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வயிற்றைக் கலக்கும், வேலைக்குப் போகிற இடத்தில் பாத்ரூம் இருக்காது, அதனால் தானாகவே நிறுத்தியிருப்பார்கள். இதை மறைக்க வேண்டியதே இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லலாம், டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றலாம், வழி இருக்கிறது.

எனக்கு அதிகம் பயம் லோ சுகர்தான். வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் வெறும் காபியோடு இருந்துவிட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் போடுகிற அம்மாக்கள் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது ஆபத்து. கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும். இதை "மயக்கமா வந்துச்சு, படுத்துட்டேன், சரியாயிடுச்சு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த ஒரு வரியை விவரமாகச் சொல்லுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனால், அல்லது அளந்து பார்க்க வழியில்லாமல் இந்த அறிகுறி இருந்தால், உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் பாருங்கள், தெளியவில்லை என்றால் இன்னொரு முறை, தெளிந்ததும் கட்டாயம் சாப்பாடு. இந்த மாத்திரைகளின் வேகம் சட்டென்று அடங்காது, சில மணி நேரம் கழித்து மறுபடியும் சர்க்கரை இறங்கலாம், அதனால் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றே வந்து காட்டுங்கள்.

இன்சுலின் போடுகிறவரிடம் சிரிஞ்சு மூடி என்ன நிறம் என்று கட்டாயம் கேட்பேன். ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து இருக்கிற குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. மெடிக்கலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், அது மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கானது, 40 யூனிட் மருந்தை அதில் 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். ஊசி தவறாமல் போட்டும் சுகர் 300க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்படுவார்கள், காரணம் மூடியில் இருக்கும். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் அப்படித்தான். ஃப்ரீசரில் உறைந்த இன்சுலின் வேலைக்கு ஆகாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணீர் குளுமை போதும், குப்பியைப் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள்.

பாதத்தை போனில் பார்க்க முடியாது. அதனால் வீட்டில் இருக்கிற மருமகளையோ பேரனையோ கூப்பிட்டு, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்துச் சொல்லச் சொல்வேன். மரத்துப்போன காலில் முள் இறங்கினாலும் தெரியாது, வலிக்கவில்லை என்பதை நம்பவே கூடாது.

அப்புறம் போன் விஷயம். பல வீட்டில் நம்பர் மகனுடையது, அவர் திருப்பூரில் வேலையில் இருப்பார், அம்மா ஊரில் இருப்பார். பக்கத்து வீட்டு நம்பரானாலும் பரவாயில்லை, எத்தனை மணிக்குக் கிடைப்பீர்கள் என்பதோடு சேர்த்து எழுதித் தாருங்கள். சுகர் விசாரிக்கிற போனில் வங்கிக் கணக்குக்கும் ஓடிபிக்கும் வேலையே இல்லை, யாராவது கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை நம்பர் இருக்கிறது.

எல்லாவற்றையும் போனில் முடித்துவிட முடியாது. வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, கால் புண் கறுக்கிறது, ஆள் அரைத் தூக்கத்திலேயே இருக்கிறார் என்றால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல், சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்தவும் கூடாது, எவ்வளவு போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மாத்திரை அட்டை, இன்சுலின் குப்பி, சிரிஞ்சு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள், அங்கே இருக்கிற டாக்டருக்கு அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று வேறு எப்படித் தெரியும்?