டயட் டப்பா: பின்பக்கத்தையும் படியுங்கள்

"மேடம், ரெண்டு வேளையும் டயட் டப்பாதான். எடை இறங்கவே மாட்டேங்குது." சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் என் அறைக்கு வந்தால் அடிக்கடி கேட்கும் புகார் இது. நான் உணவியல் நிபுணர். அளவு பார்த்துச் சமைத்து, பணம் கட்டியவர்களுக்கு அனுப்பிவைக்கும் இந்த டப்பாவுக்கு எதிரி இல்லை.

வீட்டில் அளவு என்பது கரண்டி பிடிப்பவர் கையில். போதும் போதும் என்றாலும் இன்னும் ஒரு கரண்டி விழும். டப்பாவில் அந்த உபசாரம் கிடையாது. கொஞ்சம் சோறு, நிறையக் காய், நாலு துண்டு பனீரோ கோழியோ, அவ்வளவுதான். தன் பங்கு எவ்வளவு என்று சிலர் முதல்முறையாகக் கண்ணால் பார்ப்பதே அதில்தான். மற்றபடி நேரம் மிச்சம். செலவு மாதக் கடைசியில் தானே தெரிந்துவிடும்.

சூடாக்கிச் சாப்பிடும் பாக்கெட்டுகள் வேறு கதை. 'பதப்படுத்தும் ரசாயனம் இல்லை' என்ற வரியைச் சந்தேகப்பட வேண்டாம். உறையில் அடைத்து, அழுத்தத்தில் 121 டிகிரி அளவுக்குச் சூடாக்குவதால்தான் அது மாதக்கணக்கில் கெடுவதில்லை. பார்க்க வேண்டியது உப்பை. லேபிளில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்றுதான் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம், அந்தக் கணக்கு முழுப் பாக்கெட்டுக்கா, ஒரு 'சர்விங்'குக்கா? பாதிப் பாக்கெட்டை மட்டும் சாப்பிட்டு மூடி வைக்கும் மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எடையில் அதிகமுள்ள பொருளைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் 'ஓட்ஸ் உப்புமா' என்றிருந்து, பட்டியல் ரவையில் ஆரம்பித்தால் நீங்கள் வாங்கியது ரவை உப்புமாதான். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்பதை நம்பி மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடியைத் தாண்டிப் போகாதீர்கள். அது இனிக்காது, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது இன்னொன்று. வெளிநாட்டிலிருக்கும் மகன் அப்பாவுக்கு 1,200 கலோரி டப்பா ஏற்பாடு செய்திருந்தார். அப்பா கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சோறு குறைந்த டப்பாவைச் சாப்பிட்டார். நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். லோ சுகர். பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பித்தார். பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வைச் சிலர் எனக்கே அனுப்புவார்கள்: தினமும் சுமார் 850 கலோரி பானங்கள், ஓராண்டில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மாத்திரையில்லாமலே சர்க்கரை கட்டுக்குள். சரிதான். ஆனால் அங்கே முதல் நாளே மருத்துவக் குழு சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டது, பிறகும் கூடவே இருந்து கவனித்தது. அந்த வரியை யாரும் அனுப்புவதில்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், டப்பாவுக்குப் பணம் கட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்படி எடை இறங்காமல் வந்த ஓர் ஓஎம்ஆர்காரரிடம் டப்பாவைப் பற்றி நான் ஒன்றுமே கேட்கவில்லை. நாலு மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்றேன். தயங்கித் தயங்கி வந்தது: பசி தாங்காமல் கேன்டீனில் ரெண்டு பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீ. சனி ஞாயிறு டப்பா லீவு, அதனால் பிரியாணி. மதியத்தோடு ஒரு கப் சுண்டல் சேர்க்கச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மனைவியோடு வந்தார். டப்பாவை நிறுத்திவிட்டாராம், காலி டப்பாக்களை மட்டும் எறியவில்லை. வீட்டுச் சோறும் கூட்டும் அதில்தான் போகிறது. "மூடி மூடுற அளவுக்கு மேல வைக்க விட மாட்டேங்கறார் மேடம்" என்றார் மனைவி. அப்பளம் மட்டும் தனிக் கவரில் போகிறதாம்.